எழுபத்தொரு சதவீதம்

பஸ் முன்னீர்ப்பள்ளம் தாண்டுவதற்குள் மரகதவல்லி ஆறு தடவை போன் போட்டுவிட்டாள். ஆறு தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆவுடையப்பன் மேஸ்திரி வேலையில் இறங்கும்போது சட்டையைக் கழற்றி எங்காவது ஒரு ஆணியில் மாட்டிவிடுவார், போன் சட்டைப் பையிலேயே கிடக்கும், பக்கத்தில் கலவை மெஷின் ஓடினால் இடி இடித்தாலும் கேட்காது. போனை எடுக்கவில்லை என்றால் மெஷின் ஓடுகிறது, மெஷின் ஓடுகிறது என்றால் கான்கிரீட் விழ ஆரம்பித்துவிட்டது. இல்லை, டீ குடிக்கப் போயிருக்கலாம். ஒன்பது மணிக்கு யாரும் டீ குடிக்கப் போவதில்லை, எட்டரைக்கே குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். இல்லை, சிமென்ட் வண்டி வர நேரமாகியிருக்கலாம். நேற்றே வந்து இறங்கிவிட்டது, அவளேதான் வாட்சப்பில் மூட்டைகளின் போட்டோவைப் பார்த்து 'ஓகே அண்ணாச்சி' என்று போட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. பக்கத்து சீட்டு அம்மா, மடியில் கூடையோடு இருந்தவள், "கண்ணாடியை இறக்கி விடுதியாம்மா, காத்து காதுல அடிக்கி" என்றாள். மரகதவல்லி இறக்கிவிட்டாள். இறக்கியதும் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. மறுபடி நான்கு விரற்கடை ஏற்றினாள். டாக்சி பிடித்திருக்க வேண்டும். ஆபீஸ் வாசலில் நின்று டாக்சிக்குப் போன் போட்டபோது இருபது நிமிஷம் ஆகும் என்றான், அந்த நேரத்தில் எதிரே இந்த பஸ் புறப்பட உறுமிக்கொண்டு நின்றது, ஏறிவிட்டாள். இருபது நிமிஷம் காத்திருந்தாலும் டாக்சி இந்நேரம் இந்த பஸ்ஸைத் தாண்டியிருக்கும். தாண்டியிருக்காது. தாண்டியிருக்கும். நாற்பது கிலோமீட்டர், இடையில் எத்தனை நிறுத்தம் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள், எண்ணினால் கூடுகிறது.

பாளையங்கோட்டையில் தேவசகாயம் என்ஜினியர் ஆபீஸில் பதினான்கு வருஷமாகப் படம் வரைகிறாள் அவள். கணக்குப் போடுவது சார், அதைக் கோடாக்கித் தாளில் கொண்டுவருவது இவள். வீரவநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு முகப்பு எடுக்கிறார்கள், பிள்ளைகள் வேனுக்குக் காத்து நிற்கும் இடத்தில் மழை வெயில் படாமல் ஒரு கூரை, வேன் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று தூண் கிடையாது, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் அப்படியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தரத்தில் நிற்பது என்றால் சும்மா நிற்காது, அதன் மேல்பக்கத்துக் கம்பிகள் சுவரைத் தாண்டி உள்ளே இருக்கிற தளத்துக்குள் ஓடி அங்கே பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே தெரிவது ஒன்றரை, உள்ளே மறைந்து பிடித்திருப்பது இரண்டு. அந்த இரண்டு மீட்டரை அவள் படத்தில் எழுத விட்டுவிட்டாள். கோடு சரியாகத்தான் இருந்தது, இரண்டு மீட்டருக்கு உண்டான கோடு, அம்பதில் ஒரு பங்காக, தாளில் நாலு சென்டிமீட்டர். பக்கத்தில் எண் இல்லை, அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆவுடையப்பன் போன் பண்ணிக் கேட்டார். அவள் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு மகள் நிறைமதியின் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "மேடம், மேல் கம்பி உள்ள எவ்வளவு போகணும்னு போடலியே." போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவள் சொன்னாள்: "படத்துல ஸ்கேல் வச்சு அளந்துக்கிடுங்க அண்ணாச்சி. ஒண்ணுக்கு அம்பது." சொன்னாள். சீப்பு வாயில் இருந்தது, சொற்கள் கொஞ்சம் கொழகொழத்தன, ஆனால் சொன்னது அவள்தான். படத்தை அளக்காதே, எழுதியிருப்பதை மட்டும் பார் என்று ஒவ்வொரு படத்தின் அடியிலும் அவள் கையாலேயே ஒரு வரி போடுகிறாள், பதினான்கு வருஷமாக, அர்த்தம் யோசிக்காமல்.

அந்தத் தாள் எந்தத் தாள் என்பது இன்றைக்குக் காலை எட்டு நாற்பதுக்குத்தான் அவள் மண்டையில் உறைத்தது. போன வாரம், பெரிய படங்களை அச்சடிக்கிற ஆபீஸ் பிளாட்டருக்குப் பேப்பர் ரோல் தீர்ந்துபோயிருந்தது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனாள். அங்கேயும் ஏ ஒன் அளவுத் தாள் இல்லை. "ஏ டூல போட்டுத் தரட்டாக்கா, எல்லாமே வரும், ஒண்ணும் விட்டுப்போகாது" என்றாள் கடைப் பெண். சரி போடு என்றாள் இவள். மெஷினில் ஒரு பட்டன், எழுபத்தொரு சதவீதம். அந்தப் பெண் அதை அழுத்தும்போது இவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எழுபத்தொன்று என்ற எண்ணைக்கூடப் பிரியமாகப் பார்த்தாள். இன்று காலை புது ரோல் வந்தது, ஃபைலுக்கென்று முழு அளவில் ஒரு பிரதி எடுத்து மேஜையில் விரித்தாள், பக்கத்தில், மேஸ்திரிக்குக் கொடுத்ததன் ஜோடி, அந்தச் சின்னப் பிரதி கிடந்தது. பெரியது மேஜை முழுக்கப் பரந்தது, சின்னது அதில் சரிபாதி. இரண்டிலும் வலது மூலையில், அதே கட்டத்தில், அதே எழுத்தில், ஸ்கேல் ஒன்றுக்கு அம்பது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வாசலுக்கு வந்தாள்.

எட்டாவது தடவை போட்டாள். மணி அடித்தது. இன்று சனிக்கிழமை, பள்ளிக்கூட ஆபீஸ் நம்பரும் அப்படியேதான் அடிக்கிறது. தேவசகாயம் சாருக்கு ஒரு தடவை போட்டு, இரண்டு மணி அடித்ததும் தானே கட் பண்ணிவிட்டாள். சார் கோயம்புத்தூரில் இருக்கிறார், மகளுக்குப் பிரசவம், நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவர் ஊரில் இருந்திருந்தால் கம்பியைத் தானே டேப் வைத்துப் பார்க்காமல் கான்கிரீட் போட விட்டிருக்கமாட்டார். கம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு, கான்கிரீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடு என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனார். போட்டோவில் கம்பிகள் என்னமாய் வரிசையாக இருந்தன, தலை வாரிய மாதிரி. போட்டோவில் நீளம் தெரியாது. பக்கத்தில் ஒரு செருப்போ தீப்பெட்டியோ கிடந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றுமில்லாத போட்டோவில் எது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும், ஒரு மீட்டரும் ஒரு மைலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எழுபத்தொன்று என்பது சரியாகச் சொன்னால் எழுபது புள்ளி ஏழு, நாலு சென்டிமீட்டர் அதில் இரண்டு புள்ளி எட்டு மூன்று. அதை அம்பதால் பெருக்கினால் ஒன்று புள்ளி நாலு ஒன்று. இரண்டு மீட்டர் கம்பி ஒன்று புள்ளி நாலு ஒன்று ஆகியிருக்கும். ஒன்று புள்ளி நாலு ஒன்று நாலு இரண்டு என்று மேலும் ஓடும், முடியாது, எவ்வளவு தூரம் எழுதினாலும் முடியாத எண். பாலிடெக்னிக்கில் இரண்டின் வர்க்கமூலம் என்று மனப்பாடம் பண்ணிய அதே எண், ஒரு கம்பியாகி ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு மேல் படுத்திருக்கிறது. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. அது சிரிப்பு இல்லை என்று உடனே தெரிந்தது.

தாள்களை அவளுக்குப் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், யாரும் சொல்லித் தராமல், மதிய சாப்பாட்டு நேரத்தில் தானே கண்டுபிடித்த விஷயம் அது. ஒரு ஏ த்ரீ தாளின் ஒரு மூலையில் ஏ ஃபோரை வைத்தாள், இரண்டுக்கும் எதிர்மூலைகள் ஒரே கோட்டில் விழுந்தன. அதன் மேல் ஏ ஃபைவ், அதுவும் அதே கோட்டில். எத்தனை தடவை பாதியாக மடித்தாலும் அதே உருவம், முகம் மாறாது. அந்த உருவத்தில் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே ஒரு உறவுதான் இருக்க முடியும், இந்த முடியாத எண்தான், ஒன்றுக்கு ஒன்று புள்ளி நாலு ஒன்று. வேறு எந்த அளவில் வெட்டினாலும் மடித்ததும் முகம் மாறிப்போகும். எல்லாவற்றிலும் பெரிய தாள், ஏ ஜீரோ, சரியாக ஒரு சதுர மீட்டர், அதை நாலு தடவை மடித்தால் ஏ ஃபோர், பதினாறில் ஒரு பங்கு, சதுர மீட்டருக்கு எண்பது கிராம் என்றால் ஒரு தாள் அஞ்சே கிராம், கவரில் நாலு தாள் வைத்தால் தராசே வேண்டாம், இருபது கிராம் என்று சொல்லிவிடலாம். கல்யாணமான புதிதில் குமரேசனிடம் இதைச் சொன்னாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்படியா, நல்லதுதான்" என்றான். நல்லதுதான். ஒரு துண்டுகூட வீணாகாமல் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் ஒரு ஏற்பாடு உலகத்தில் இருக்கிறதே என்று அவளுக்கு அப்போது ஒரு நிம்மதி. கைப்பையில் துழாவினாள். நிறைமதியின் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் வந்தது, ஏ ஃபோர். பாதியாக மடித்தாள். இன்னும் பாதியாக. இன்னும். ஒவ்வொன்றும் அதே முகத்தோடு அவளைப் பார்த்தது. இதனால்தான். இதே காரணத்தால்தான். முகம் மாறாததால்தான் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து ஃபுல்ஸ்கேப் தாளில் சுருக்கியிருந்தால் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை நின்றிருக்கும், இல்லை பார்டர் வெட்டுப்பட்டிருக்கும், அது என்ன மேடம் இப்படி இருக்கு என்று ஆவுடையப்பனே கேட்டிருப்பார். இந்தத் தாளில் எல்லாமே வரும், ஒண்ணும் விட்டுப்போகாது. பார்டர் அதன் இடத்தில், தலைப்பு அதன் இடத்தில், கோடுகள் எல்லாம் அவற்றின் இடத்தில், சின்னதாகிவிட்டோம் என்று ஒரு கோடுகூட மூச்சு விடவில்லை. எழுத்துகள் அப்படியே நிற்கும், எண்கள் அப்படியே நிற்கும், நீளம் மட்டும் சத்தமில்லாமல் பொய்யாகிப்போகும். குறைந்ததைக் குறைந்ததாகக் காட்டாத ஒரு அழகு. இதையா நான் பதினான்கு வருஷம் பிரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள்.

பத்தமடையில் பஸ் நின்றது. கடை வாசலில் கோரைப்பாய்கள் தொங்கின, ஒன்று மடித்து, ஒன்று விரித்து. ஆறடிக்கு மூன்றடி. பாதியாக மடித்தால் மூன்றுக்கு மூன்று, சதுரம், வேறு முகம். பாயை யாரும் ஏமாந்து பார்க்க முடியாது, மடித்தது மடித்ததுதான். கண்டக்டர் யாரிடமோ சில்லறைக்காகத் தகராறு பண்ணிக்கொண்டிருந்தான். போ, போ, போ என்று அவள் மனசுக்குள் பஸ்ஸைத் தள்ளினாள், கால் கட்டைவிரல் செருப்பின் முன்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்தது. நின்றுவிடும் என்று ஒரு குரல். கூரை நிற்கத்தான் செய்யும். சார் கணக்கில் எப்போதும் தாராளமாகத்தான் போடுவார், ஒன்றுக்கு ஒன்றரை என்று. ஒன்று புள்ளி நாலு ஒன்று மீட்டர் கம்பி ஒன்றும் மோசமான நீளமில்லை, ஊருக்குள் எத்தனை சன்ஷேடுகள் கணக்கே இல்லாமல் கொத்தனார் கைப்போக்கில் போட்டு நிற்கின்றன. இருபத்தொரு நாள் கழித்துப் பலகை பிரிப்பார்கள், அப்போதும் நிற்கும். ஒரு வருஷம் நிற்கும். திறப்பு விழாவில் அதன் அடியில்தான் பந்தல் போட்டுக் குத்துவிளக்கு வைப்பார்கள். பிறகு எப்போதோ ஒரு நாள், சுவரை ஒட்டி, மேல்பக்கத்தில், தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல், மேலே ஏறிப் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை, ஐப்பசி மழைத் தண்ணீர் அதில் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், ஆறு வருஷம், எட்டு வருஷம். அவள் ஏழாம் வகுப்பு படிக்கையில் பக்கத்துத் தெருவில் ஒரு சன்ஷேட் விழுந்தது. மழைக்கு ஒதுங்கி நின்ற ஜெபமணி டீச்சரின் இடது கால் அதோடு போயிற்று. விழுந்த சத்தம் அவளுக்கு ஞாபகம் இல்லை, எல்லாரும் ஓடிய பிறகு தெருவில் கிடந்த குடைதான் ஞாபகம், விரித்தபடி, ஒரு கம்பிகூட வளையாமல். கான்கிரீட் போடும்போது மேல் கம்பியை மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிட்டான்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். யார் அந்த அவன்கள்? கண்டுபிடிக்கவே இல்லை. கட்டி இருபது வருஷம் ஆகியிருந்தது, கட்டினவர்கள் எங்கெங்கோ போயிருந்தார்கள், ஒருவேளை தினமும் அந்தத் தெரு வழியாகவே போய்வந்துகொண்டும் இருந்திருக்கலாம். எட்டு வருஷம் கழித்து நானும் எங்கேயோ இருப்பேன். நிறைமதி காலேஜில் இருப்பாள். பேப்பரில் ஒரு மூலையில் வரும், ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். திருப்பிவிடுவேனா? கூடைக்கார அம்மா அவள் கையைப் பார்த்தாள். தாள் இப்போது தீப்பெட்டி அளவுக்கு மடிந்து, அதற்குமேல் மடியாமல், விரல்களுக்கு நடுவில் கட்டையாக நின்றது. "ஏதும் விசேஷ வீடா, துக்க வீடாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லம்மா, வேலை விஷயமாத்தான்" என்றாள் மரகதவல்லி. அந்த அம்மா நம்பவில்லை, ஆனால் மேலே கேட்கவுமில்லை.

சேரன்மகாதேவியில் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள். தேவசகாயம் சார். "என்ன மரகதம், கூப்பிட்டிருந்தியே?" பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரோ ஒரு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிடு. நாலே வாக்கியம்தான். "பிள்ளைக்கு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாள். "இன்னும் உள்ளதான் இருக்கா. ராத்திரி பூரா உக்காந்திருக்கோம். என்ன விஷயம்?" "ஒண்ணுமில்ல சார், கான்கிரீட் போடுற இடத்துக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்னு..." "நல்லது, போ. நீ பாத்தா நான் பாத்த மாதிரி." வைத்துவிட்டார். நீ பாத்தா நான் பாத்த மாதிரி. நான் பார்த்தேனே சார், பிரிண்ட் கடையில் அந்தப் பட்டனை அழுத்தும்போது பார்த்துக்கொண்டுதானே நின்றேன், உங்கள் கண்ணும் சேர்ந்துதானா அங்கே நின்றது? ஒன்றுமில்லை என்று ஏன் சொன்னாள்? பாவம், மகள் உள்ளே இருக்கிறாள் என்றா? இல்லை. அதுவும்தான், ஆனால் அது இல்லை. சொல்லாமல் இருக்கும்வரை இன்னும் எதுவும் நடக்கவில்லை என்பதுபோல ஒரு நினைப்பு. போன் உரையாடலைக் கேட்டவர்கள் இரண்டே பேர், அவளும் ஆவுடையப்பனும். சீப்புக் கடித்த வாய் சொன்னதற்கு சாட்சி கிடையாது. படத்தின் அடியில் அளக்காதே என்று எழுதியிருக்கிறது, எழுத்தில் இருக்கிறது. அவர்தான் அளந்தார். எந்தக் கமிட்டி வந்து கேட்டாலும், இதோ பாருங்கள் எழுதியிருக்கிறோம், மேஸ்திரி படிக்கவில்லை என்று தாளை நீட்டலாம், தாளும் ஆமாம் என்று சொல்லும். எவ்வளவு சுலபமாக வருகிறது. எங்கேயோ உள்ளே தயாராக மடித்து வைத்திருந்த மாதிரி. முகம் காதுவரை சூடாயிற்று. அம்பத்தெட்டு வயது மனிதர், பத்தாவதுகூட முடிக்காதவர், எழுதலியே என்று போன் போட்டுக் கேட்டார். கேட்காமல் தன் இஷ்டத்துக்கு விட்டிருந்தால்கூட வழக்கப்படி ஆறடி ஏழடி என்று நீளமாகத்தான் விட்டிருப்பார். கேட்டதால் கெட்டது. என்னைக் கேட்டதால்.

வீரவநல்லூர் தாண்டி மூன்றாவது நிறுத்தம். இறங்கும்போது முந்தானை பஸ் படியில் மாட்டிக் கிழிந்தது, நின்று பார்க்கவில்லை. ரோட்டிலிருந்தே மெஷின் சத்தம் கேட்டது, கட கடவென்று, அவள் நெஞ்சுக்கூட்டுக்குள் ஓடுவதுபோல. கேட்டைத் தாண்டி ஓடினாள். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று நடுவில் ஒரு நினைப்பு வந்தது, இந்த நேரத்தில் என்ன நினைப்பு இது. சாரத்துக்கு மேல் எட்டுப் பேர் வரிசையாக நின்று சட்டி மாற்றிக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கம் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் நிறமாக, ஈரமாக, மினுமினுப்பாக மூடிக்கிடந்தது. மீதி இடத்தில் கம்பிகள் வெயிலில் தெரிந்தன. "நிறுத்துங்க" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மெஷின் பக்கத்தில் போய் டிரைவரிடம் கையைக் காட்டினாள். அவன் ஆவுடையப்பனைப் பார்த்தான், ஆவுடையப்பன் மேலே இருந்து இவளைப் பார்த்தார், தலையசைத்தார். சத்தம் நின்றதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்தது. "என்ன மேடம், இப்படி ஓடி வாறீய? சாருக்கு ஏதும்...?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார், பனியனெல்லாம் சிமென்ட். "சாருக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மேல் கம்பி உள்ள எவ்வளவு விட்டிருக்கீங்க?" "நீங்க சொன்ன மாதிரிதான். ஸ்கேல் வச்சு அளந்தேன்." "டேப்பைக் குடுங்க." ஏணியில் ஏறினாள். மூடாத பக்கத்தில் சுவரின் உள்விளிம்பில் டேப்பின் முனையை அவர் பிடித்துக்கொள்ள, இவள் கம்பி முடிகிற இடம்வரை இழுத்தாள். ஒரு மீட்டர் நாற்பத்தொரு சென்டிமீட்டர். அப்படியே, ஒரு இழை பிசகாமல். ஒரு நொடி, கண் இமைக்கும் நேரம்தான், அவளுக்குள் ஒரு திருப்தி பளிச்சென்று வந்துபோயிற்று, பஸ்ஸில் போட்ட கணக்கு சரி என்று. அது வந்துபோனதைக் கண்டு அவளுக்கே உடம்பு கூசியது. அடுத்த கம்பி நாற்பத்தொன்று. அதற்கடுத்தது நாற்பத்திரண்டு. என்ன சுத்தமான வேலைக்காரர்.

கீழே பள்ளிக்கூடத்தின் தாளாளர் அருணகிரி வந்து நின்றார், வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. லீவு நாளிலும் கான்கிரீட் போடுவதைப் பார்க்க வந்திருந்தவர். "என்னம்மா, எதுக்கு நிறுத்தியாச்சு?" ஏணியில் இறங்கும்போது அவளுக்கு வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தன. பிரிண்ட் கடையில் ஒரு சின்னக் குழப்பம் சார். படத்துக்கும் தளத்துக்கும் ஒரு சின்ன வித்தியாசம் சார். ஒரு சின்ன, ஒரு சின்ன, எல்லாமே சுருங்கிச் சுருங்கி, முகம் மட்டும் மாறாமல் வந்தன. தரையில் கால் வைத்தாள். "போட்ட கான்கிரீட்டை எடுக்கணும் சார். கம்பி நீளம் பத்தாது. இரண்டு மீட்டர் போகணும், ஒண்ணே நாப்பத்தொண்ணுதான் போயிருக்கு." "போட்டதை எடுக்கணுமா? ஏன் மேஸ்திரி, அளக்கத் தெரியாதா உமக்கு?" ஆவுடையப்பன் சட்டை தொங்கிய ஆணியிடம் போய், பையிலிருந்து மடித்த தாளை எடுத்துவந்து பிரித்தார், மேலே ஸ்கேலை வைத்தார். "ஒண்ணுக்கு அம்பதுன்னு போட்டிருக்கு. இந்தா இருக்கு கோடு. நீங்களே வச்சுப் பாருங்க சார்." குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "மத்தது எல்லாம் எழுதியிருந்துச்சு, எழுதியிருக்கதை எதுக்கு அளக்கணும்? எழுதாததைத்தான் அளந்தேன்." தாளாளர் குனிந்து பார்த்தார். மரகதவல்லி சொன்னாள்: "அவர் அளந்தது சரி சார். தாள்தான் தப்பு. பெரிய தாளுக்கு வரைஞ்சதைச் சின்னத் தாள்ல எடுத்துக் குடுத்தேன், ஸ்கேலை மாத்தல. நீளத்தை எழுதவும் இல்ல. அவர் போன்ல கேட்டாரு, அளந்துக்கிடுங்கன்னு நான்தான் சொன்னேன். மூணும் என் தப்பு." சொல்லி முடித்ததும் அவள் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை, பூமி பிளக்கவில்லை, தாளாளர் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இதை நீங்க வந்து சொல்லலேன்னா?" என்றார். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆவுடையப்பனிடம் திரும்பினார். "எடுக்க முடியுமா?" "முக்கால் மணி நேரம்தான் ஆச்சு, இன்னும் இறுகல. இப்பவே அள்ளினா வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் ஏணியில் பாதி ஏறிவிட்டிருந்தார்.

மண்வெட்டியால் தள்ளி, சட்டியில் அள்ளி, கம்பிக்கு இடையில் கையை விட்டு வழித்து எடுத்தார்கள். போட்டதை எடுப்பது போடுவதைவிடக் கஷ்டம், சட்டி மாற்றும் பெண்களில் ஒருத்தி இவளிடம் காலி சட்டியை நீட்டினாள், வேண்டுமென்றேதான் நீட்டினாள் என்று தோன்றியது. மரகதவல்லி வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். கனம் தோள்பட்டையில் இறங்கியது. கோட்டில் இரண்டு நிமிஷத்தில் கூரை போட்டுவிடுவாள் அவள், ஒரு சட்டி கான்கிரீட் இவ்வளவு கனம் என்று இத்தனை வருஷத்தில் தெரியாது. நாலாவது சட்டியில் மூச்சு வாங்கியது, பத்தாவதில் மண்டைக்குள் எதுவும் ஓடவில்லை, எண்ணுவதைக்கூட மறந்துவிட்டாள். நடுவில் ஒரு தடவை ஒதுங்கி நின்று, சிமென்ட் கையாலேயே சாருக்குப் போன் போட்டாள். மகளுக்குப் பெண் குழந்தை என்று அவர்தான் முதலில் சொன்னார். கேட்டுவிட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். "எடுத்துட்டீங்களா?" என்றார். "எடுத்துக்கிட்டு இருக்கோம் சார்." "திங்கள்கிழமை நான் வாறேன். பேசுவோம்." என்ன பேசுவார் என்று தெரியவில்லை. வேலை போகலாம். இருக்கலாம். அந்தப் பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது, காலையிலிருந்து இருந்த பயத்தைவிட இது சின்னதுதான். உண்மையாகவே சின்னதா என்று அவள் ஒரு கணம் சந்தேகப்பட்டாள், பிறகு சட்டியை எடுத்தாள்.

பதினொன்றரைக்குக் கம்பிகள் கழுவி, வெறுமையாகக் கிடந்தன. புதுக் கம்பி வெட்ட வேண்டும், கட்ட வேண்டும், நாளைக்கு ஞாயிறு, இனித் திங்கள்கிழமைதான் கான்கிரீட். ஆவுடையப்பன் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வந்தார். "உள்ள எவ்வளவு விடணும் மேடம்?" "ரெண்டு மீட்டர் அண்ணாச்சி." அவர் நகரவில்லை. படத்தை சிமென்ட் மூட்டை மேல் விரித்து, நான்கு பக்கமும் செங்கல் துண்டு வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார். "வாயால சொன்னது போதும். எழுதிக் குடுங்க." அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மூலையில் இருந்த ஒன்றுக்கு அம்பதைக் குறுக்காக அடித்தாள். கம்பியின் பக்கத்தில், கோட்டின் இரண்டு முனையிலும் அம்புக்குறி போட்டு, நடுவில் 2.00 மீ என்று எழுதினாள். சிமென்ட் காய்ந்த விரல்கள் மடங்கவில்லை, எண் கோணலாக வந்தது. "பேரும் போடுங்க. நாளப்பின்ன யாரு கேட்டாலும் சொல்லணும்லா" என்றார் அவர். வரைந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு, கடுகு மாதிரி, பதினான்கு வருஷமாக அதில் 'ம' என்று ஒரு எழுத்தைத்தான் அவள் போட்டுவருகிறாள். சுருக்கிய தாளில் அது இன்னும் சின்னதாக இருந்தது. அதில் ஏற்கெனவே இருந்த 'ம'வுக்குப் பக்கத்தில் ர எழுதினாள். மூன்றாவது எழுத்துக்கே கட்டத்தில் இடம் இல்லை. பென்சிலைத் தூக்காமல், கோட்டைத் தாண்டி, பார்டரையும் தாண்டி, முழுப் பெயரையும் எழுதி முடித்தாள்.